தோட்டத்துச் சட்டை

முத்துப்பேச்சி தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். மழைக்கு ஒதுங்கிய தெருநாய் ஒன்று அவள் வீட்டு அடுப்படி மூலையில் நாலு குட்டி போட்டபோது, சேலைக்கு மேல் போட்டிருந்த முழுக்கைச் சட்டையைக் கழற்றி அப்படியே விரித்துவிட்டாள். வீட்டில் கனத்த துணி அது ஒன்றுதான்.

நாய் சட்டையை மோந்து பார்த்தது. பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய், சில்லிட்டுக் கிடந்த சிமெண்டுத் தரையில் போட்டது.

"அடி கூறுகெட்டவளே! குளுர்ல போட்டுப் பிள்ளைகளக் கொல்லப் பாக்குறியா?"

திரும்பவும் குட்டிகளைச் சட்டைக்குள் வைத்துச் சுற்றினாள். நாய் மறுபடியும் இழுத்தது. பொறுமை கெட்டுப்போய், நாயைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டாள்.

விடிந்து பார்த்தால், இரண்டு குட்டிகள் சட்டைக்குள் வாயில் நுரையோடு விறைத்துக் கிடந்தன. கயிறு எட்டிய மட்டும் நாய் இழுத்துக் காப்பாற்றிய மற்ற இரண்டும் வெறுந்தரையில் பால் குடித்துக்கொண்டிருந்தன.

சட்டையை எடுத்து மோந்தாள். நேற்று காய் எடுத்தது பூச்சிமருந்தடித்த ஈரம் காயாத செடியில். அன்றாடம் மேலில் கிடக்கும் வாடை அவளுக்கு வாடையாகவே தெரிந்ததில்லை.

தெருமுனையில் ஜீப் ஹாரன் அடித்தது. நாயை அவிழ்த்துவிட்டாள். மாற்றுச் சட்டை கிடையாது. அதையே உதறி மாட்டிக்கொண்டாள். வழக்கம்போல மகள் திரிஷா இடுப்பைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தாள்.

"கிட்ட வராத ஆத்தா!"

திரிஷா மிரண்டுபோய் நின்றாள். காய்ச்சலென்றாலும் இடியென்றாலும் அந்தச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தே வளர்ந்த பிள்ளை.