கண்ணாடி நீங்கலாக

காவல் நிலைய எழுத்தர் ஓர் அட்டைப்பெட்டியை மேஜையின் குறுக்கே தள்ளினார். அக்காவுக்கு அதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் தம்பியின் பொருள்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "மேற்கண்டவை அனைத்தும் இறந்தவருடையவை" என்று அச்சடித்த தாளின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கைக்கடிகாரம், பெல்ட், வீட்டுச் சாவி, நீரில் ஊறிக் காய்ந்து முறுக்கிக்கொண்ட பர்ஸ், அலுவலக அடையாள அட்டையைத் தொங்கவிடும் கயிறு. கயிறு இருந்தது, அட்டை இல்லை. கடைசியாகக் கறுப்பு பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி. அதைக் கையில் எடுத்ததும் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

பதினாறு வருடமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவள் அவள். கனம் கையிலேயே தெரிந்தது. தம்பிக்கு வலது கண்ணில் மைனஸ் ஒன்பதே கால், இடதில் எட்டரை, இரண்டிலும் பார்வைக் கோணலைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் வேறு. எட்டு மாதத்துக்கு முன்னால் அவளே உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தது. இது அதே பிரேம்தான், அதே கறுப்புதான். ஆனால் அவள் அதை அந்தத் தாளின் மேலே பிடித்து இடமும் வலமுமாக அசைத்தபோது அச்செழுத்துகள் சோம்பலாக நகர்ந்தன. தம்பியின் கண்ணாடிக்குள் எழுத்துகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடும். பிறகு மெதுவாகச் சுழற்றிப் பார்த்தாள். சிலிண்டர் இருந்தால் தாளில் உள்ள கோடு கத்தரிக்கோல் திறப்பதுபோல் சாயும். கோடு நேராகவே நின்றது.

"இது என் தம்பி கண்ணாடி இல்ல சார்."

எழுத்தர் பொல்லாதவர் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் மனசு எதையும் ஏற்காது, எனக்கும் அனுபவம் உண்டு என்றார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்ததை இரண்டு சாட்சிகள் முன்னால் எடுத்து எழுதியிருக்கிறது என்றார். அவள் தாளை வாங்கி, கடிகாரத்துக்கும் சாவிக்கும் மற்றதற்கும் கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் "கண்ணாடி நீங்கலாக" என்று எழுதினாள். அப்படியெல்லாம் எழுத இதில் இடம் கிடையாதும்மா என்று அவர் பதறியபோது, ஓரத்தில் இடம் இருக்கிறதே என்றாள். கண்ணாடியை ஓர் உறையில் போட்டு அவரையே முத்திரை வைக்கச் சொல்லி, அது முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தம்பி புள்ளிவிவரத் துறையில் வேலை பார்ப்பதாகத்தான் வீட்டில் எல்லோரும் பதினொரு வருடம் நம்பியிருந்தார்கள். கேட்டால் எண்களைக் கூட்டிக் கழிப்பேன், உங்களுக்குக் கொட்டாவி வரும் என்பான். நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியில், காலை நடைக்கு வந்த இருவர் அவன் உடலைப் பார்த்த அன்றுதான், வீட்டுக்குப் போலீஸ் வருவதற்கு முன்பே வெளிர் சட்டை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். அவன் உளவுத்துறையில் இருந்தான் என்பதையே அவர்கள் சொல்லித்தான் அப்பாவும் அக்காவும் தெரிந்துகொண்டார்கள். உங்கள் பையன் நாட்டுக்கு நல்ல வேலை செய்தான் என்றார்கள். என்ன வேலை என்று சொல்லவில்லை. அன்று மதியமே அவன் வாடகை வீட்டிலிருந்து கணினியும் நோட்டுப் புத்தகங்களும் போயிருந்தன. சமையலறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பழைய நாட்காட்டிகூட இல்லை.

கரையில் அவன் காலணிகள் ஜோடியாக இருந்தன. காலுறைகள் சுருட்டி உள்ளே வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறார், ஆகவே தானாக முடிவெடுத்தவர் என்று ஆய்வாளர் சொன்னார். அக்காவுக்கு அங்கேதான் இடித்தது. வீட்டில் அவனுக்கு ஆந்தை என்று பெயர். ஆறு வயதில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட நாளில் அவள் வைத்த பெயர் அது. கண்ணாடி இல்லாவிட்டால் ஆந்தைக்குத் தன் கால் விரலே தெரியாது. குளியலறைக்குப் போவதற்கே சுவரைத் தடவுகிறவன், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் முள்ளும் கல்லுமான பாதையை அடுத்தவர் கண்ணாடியை வைத்துக்கொண்டு எப்படிக் கடந்தான்? அவன் கண்ணாடி எங்கே?

கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. அந்த நாள் முழுவதும் இதற்கே போயிற்று. முதல் இரண்டு புதன் ஆய்வாளர் நாற்காலி போட்டுப் பேசினார். மூன்றாவது புதன் நிற்க வைத்துப் பேசினார். நான்காவது புதன் அவர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. அவள் அந்தச் செருப்பைப் பார்த்தபடி எதிர்ப் பெஞ்சில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவரே வெளியே வந்து, பிணவறையில் வேறு யாருடைய கண்ணாடியோ மாறியிருக்கலாம், நடப்பதுதான், ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் என்றார். மாறியிருந்தால் இன்னொரு வீட்டில் என் தம்பியின் கண்ணாடி இருக்க வேண்டுமே, அந்த வாரம் வந்த மற்ற உடல்களின் பட்டியலைக் கொடுங்கள், நானே போய்க் கேட்கிறேன் என்றாள். பட்டியல் கிடைக்க ஏழு புதன் ஆயிற்று. மொத்தம் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேர் கண்ணாடியே போடாதவர்கள். மற்ற இரண்டு வீடுகளிலும் அவரவர் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் அதை எடுத்து அவளிடம் காட்டிவிட்டு, எதற்காக என்று கேட்காமல் அழுதார்கள்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், எதிரே பெரிய வண்டி வந்தால் ஒதுங்கிக் கொடுத்துப் பழகியவர். ஒரு மாலை அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பிள்ளையில ஒண்ணு போயிடுச்சு. மிச்சம் இருக்கறதும் போய் அவங்க கண்ணுல பட்டுக்கிட்டே நிக்கணுமா?"

அவள் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்தாள். கண்ணாடிக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டால் இவர் நிம்மதியாகத் தூங்குவாரா என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தாள். போட்டால் அந்த வீட்டில் இனி யாரும் ஆந்தையின் பெயரை எடுக்க மாட்டார்கள், எடுத்தால் குரல் தாழும், தானாகப் போனவன் என்ற பேச்சு அவன் முகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் என்றும் தோன்றியது.

"அவனா போயிருந்தா நான் தாங்கிப்பேன்பா. போனான்னு மத்தவங்க எழுதுறதைத்தான் தாங்க முடியல."

ஒன்பதாவது மாதம் விசாரணை நடந்தது. நீதித்துறை நடுவர் ஒரு பெண்மணி. ஓயாத இருமலுக்கு நடுவே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடை முதலாளி, தன் மகள் கல்யாணத்துக்குக்கூட அரை நாள்தான் கடையை மூடியவர், அன்று முழு நாள் பூட்டிவிட்டு, பவர் பார்க்கும் மெஷினையே துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். உறை பிரிக்கப்பட்டு அத்தனை பேர் முன்னாலும் கண்ணாடி அளக்கப்பட்டது. இரண்டு பக்கமும் மைனஸ் ஆறு, சிலிண்டர் இல்லை. உளவுத்துறை சார்பில் வந்தவர் எதைக் கேட்டாலும் அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றார். அவள் கணவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான், பதினான்கு தடவை. வெளியே வந்ததும், இப்படி ஒரு பதில் இருப்பது முன்பே தெரிந்திருந்தால் கல்யாணமான பத்து வருடமும் நிம்மதியாக இருந்திருப்பேனே என்றான். அந்த வருடத்தில் அவள் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகிவிட, அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

தற்கொலை என்ற சொல்லை நடுவர் அடித்துவிட்டார். இறந்த சூழ்நிலையைத் தீர்மானிக்க இயலவில்லை என்று எழுதினார். அப்பா அந்த வரியை மூன்று தடவை படித்துவிட்டு, தாளை மடிக்காமல் அப்படியே மேஜையில் வைத்தார். மறுநாள் காலையில் மகனின் படத்தை அவரே துடைத்துக்கொண்டிருந்தார்.

இயலவில்லை என்ற சொல்லோடு வாழ்ந்துவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆறு வாரம் கழித்து ஒரு நண்பகலில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கண் பரிசோதிக்கக் கடைக்கு வந்தார். பரிசோதிப்பவர் சாப்பிடப் போயிருந்ததால் அவளே திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் விளக்கை அணைத்து எழுத்துப் பலகையைப் போட்டாள். அவர் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மூன்றாவது வரி முடிந்ததும் குரலை மாற்றாமல், படிக்கிற தொனியிலேயே தொடர்ந்தார்.

"ஆந்தை எனக்குப் பக்கத்து மேஜை. அன்னைக்கு சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுப் போக வண்டி வந்துச்சு. நான் ஜன்னல்ல இருந்து பார்த்தேன். முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர், நடுவுல அவன்."

அந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. கையிலிருந்த லென்ஸை அதன் பெட்டியில் வைத்தாள்.

"அந்த ரெண்டு பேரும் யாரு?"

அவர் பலகையின் அடிப்பகுதியைப் பார்த்தார்.

"கடைசி வரி எனக்குத் தெரியலம்மா."

"தெரிஞ்ச வரைக்கும் சொன்னாப் போதும். என்கிட்ட இல்ல, நடுவர்கிட்ட."

எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து சாதாரண வாடிக்கையாளர்போல் ஒரு பிரேமைத் தேர்ந்தெடுத்தார், புத்தகத்தில் முகவரி எழுதினார், ஒரு வாரம் கழித்து வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் போயிற்று, மூன்று வாரமும் போயிற்று. அவர் வரவில்லை. அவருக்கான கண்ணாடி தயாராகிப் பெட்டிக்குள் கிடந்தது. முகவரி பொய்யாக இருக்கும், நிஜமாகவே இருந்தாலும் அவர் கதவைத் திறக்க மாட்டார் என்றான் கணவன். பிறகு, நானும் வரட்டுமா என்றான். இரண்டு பேராகப் போய் நின்றால் அவர் பயந்துவிடுவார் என்றாள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் அந்த முகவரியில் இருந்த குடியிருப்பின் மூன்றாம் மாடியில் நின்றாள். லிஃப்ட் ஓடவில்லை. படியேறிய மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள். கதவில் பெயர்ப் பலகை இல்லை. வாசலில் இரண்டு ஜோடி பள்ளிக்கூடக் காலணிகள் கழுவி வெயிலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மணியை அழுத்தினாள். உள்ளே வானொலி நின்றது. யாரோ கதவுவரை நடந்து வந்து நின்றுவிட்டார்கள். கதவின் நடுவில் இருந்த சிறிய வட்டக் கண்ணாடியில் வீட்டுக்குள்ளிருந்து வெளிச்சம் ஒரு பொட்டுபோல் தெரிந்துகொண்டிருந்தது. அந்தப் பொட்டு இப்போது இருண்டது. அவள் கலைந்த முடியைக்கூடச் சரிசெய்துகொள்ளவில்லை. முகத்தை நிமிர்த்தி, நன்றாகத் தெரியட்டும் என்று அரையடி பின்னால் நகர்ந்து, அந்த இருட்டையே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.