ஒரே தேதிக்காரர் சங்கம்

தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவருக்குத் தேதியார் என்று பெயர் வைத்தது ஊர்தான். மனுஷன் தன் பிறந்தநாளன்று லீவு போட்டதே கிடையாது. கடமை உணர்ச்சியெல்லாம் இல்லை. அந்தத் தேதி முத்திரையை வேறொருத்தன் கை தொடக்கூடாது, அவ்வளவுதான். அன்றைக்கு அவர் குத்துகிற குத்தில் மேஜை நாலு அங்குலம் தரைக்குள் இறங்கும். அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும்.

அந்தத் தேதியில் உலகத்தில் எது நடந்திருந்தாலும் அது தன் வீட்டு விசேஷம் என்ற நினைப்பு அவருக்கு. எந்த ராஜா முடிசூடினான், எந்தக் கப்பல் கவிழ்ந்தது, எந்த விஞ்ஞானி பிறந்தான், அன்றைக்கு என்ன தினமென்று பள்ளிக்கூடங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள், எல்லாம் நாக்கு நுனியில். பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, வாயில் பஞ்சோடு ஒரு போர்நிறுத்தத்தை விளக்கியிருக்கிறார். அந்தப் பல் டாக்டரும் அதே தேதியில் பிறந்தவராகப் போய்விட, அந்த நாற்காலியிலேயே உதயமானதுதான் ஒரே தேதிக்காரர் சங்கம். அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு மட்டும் இடம். வருஷத்துக்கு ஒரு கூட்டம், கட்டில் அகலத்துக்கு ஒரு கேக்.

தேதியாரின் அக்காவும் உறுப்பினர்தான். தையல்கடை வைத்திருப்பவள், ஐந்து வயது மூத்தவள், அதே தேதி. சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் ஒரே கேக், ஒரே கத்தி, கத்தியின் மேல் இரண்டு கை. "ஒரே தேதியில ரெண்டு பிள்ளையா! என்ன அதிசயம்!" என்று வந்தவர்களெல்லாம் தம்பியைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். அக்கா தட்டு கழுவுவாள்.

இந்த வருஷம் தேதியாரைத் தலைவராக்குவதென்று முடிவாகியிருந்தது. அந்தப் பதவிக்காக அவர் கிடந்த தவத்தில் ஒரு முனிவர் இரண்டு வரம் வாங்கியிருப்பார். கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள அக்காதான் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தாள்.

தோளில் தலைவர் பட்டையைப் போட்டதும் மைக்கை உடும்புப் பிடியாகப் பிடித்தார். ராஜா முடிசூடினான், கப்பல் மூழ்கியது, இரண்டு புரட்சிகள் வெடித்து அடங்கின, கேக்கின் க்ரீம் உருகி மேஜைத் துணியில் இறங்கியது. பிறகு பிறந்தவர்களின் வரிசை. விஞ்ஞானி, பாடகி, ஓட்டக்காரர், பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மா, பல் டாக்டர் வீட்டு நாய். அதுவும் அதே தேதியாம்!

"கடைசியாக, அடியேன்!" என்று கும்பிட்டார்.

முதல் வரிசையில் அக்கா, கழுத்திலிருந்த அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவள், எழுந்தாள்.

"நாய் வரைக்கும் வந்துருச்சு. நான் வரலையேடா."

"நீ நம்ம வீட்டு ஆளுக்கா. உன்னை எதுக்குத் தனியா..."

"நீ பொறந்தது இந்தத் தேதியே இல்லடா."

சபை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"வருஷத்துக்கு ரெண்டு கேக் வாங்க நான் என்ன பேக்கரியா வச்சிருக்கேன்னு சொல்லி, அப்பா இவனை என் தேதியிலயே பதிஞ்சுட்டு வந்துட்டார். வெளிய சொன்னா அந்த ஒரு கேக்கும் கிடையாதுன்னார். இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல."

"என்னம்மா, விளையாடறீங்களா?" என்றார் பல் டாக்டர்.

"எனக்கு விளையாடற வயசா டாக்டர்?"

தேதியார் மைக்கை விட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். "வருத்தமாத்தான் இருக்கு சார். ஆனா விதி விதிதான்" என்று, பல் பிடுங்குகிற அதே சாந்தத்தோடு பட்டையைத் தோளிலிருந்து உருவினார் டாக்டர். வலிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கேக் ஒரு துண்டு கொடுத்தார்கள். விருந்தாளிகளுக்கான காகிதத் தட்டில்.

மறுநாள் அதே புதுச் சட்டையோடு தையல்கடைக்குள் புயலாக நுழைந்தார் தேதியார்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியே! கூடப்பொறந்தவதானா நீ? தனியாக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா? அதுவும் நீ தச்ச சட்டையைப் போட்டுட்டு நிக்கறப்போ!"

"சட்டை நல்லாத்தானே இருந்துச்சு?"

"சட்டை கெட்ட கேடு! நான் எப்பத்தான் பொறந்தேன்? அதையாவது சொல்லித் தொலை."

மெஷின் நின்றது. "அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. இப்போ அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

அந்தக் கோபத்திலும் பழைய அரிப்பு போகவில்லை. "அன்னைக்கு... ராஜா கீஜா யாராவது முடிசூடினாங்களா?"

அக்கா ஊசியில் நூல் கோத்தாள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் வாழ்த்து சொல்றியே, எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கியாடா? வாங்கிக்கத்தானே தெரியும் உனக்கு. அடுத்த வருஷம் என் பொறந்தநாளுக்கு வா. இந்த வாசல்ல நின்னு வாழ்த்து சொல்லு. அப்புறம் சொல்றேன்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"பொறக்காமலே இரு."

படி இறங்கியபோது புதுச் சட்டையின் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. திரும்பிப் போய்த் தைத்துத் தரச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, நெஞ்சைக் கையால் மூடியபடி நடந்தார்.