சுட்ட இடம் சுருங்கியது

டெரன்ஸின் இதயம் குணமான கதையைக் கேட்காதவர்கள் துறைமுகத்தில் யாரும் மிச்சமில்லை. இழுவைக் கப்பல் ஓட்டுகிறவர். ஜனவரியில் மதுரை டாக்டர்கள் தொடை வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேரும் நான்கு வாசல்களையும் சுற்றிச் சுட்டு, தாறுமாறான துடிப்பை நேராக்கியிருந்தார்கள். டீக்கடை அண்ணாச்சியிடம்கூட தொடையைத் தொட்டுக் காட்டியே அதைச் சொல்வார்.

மே மாதம் இருமல் வந்தது. பின்னாலேயே மூச்சிரைப்பும் வந்தது. நிலக்கரித் தூசி என்று சொல்லிக்கொண்டார். பக்கத்து கிளினிக்கில் நிமோனியா என்று கொடுத்த மாத்திரைகள் இரண்டு தடவை தீர்ந்தும் இருமல் போகவில்லை.

அக்கா இசபெல்லா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தூசிக் கதையை நம்பவில்லை.

"முப்பது வருசமா அதே கரியத்தான மூக்குல இழுக்க? இப்பதான் அதுக்கு ஒன் மேல கோவம் வந்துச்சாலே?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்த டெரன்ஸ், இருமிவிட்டுக் கைக்குட்டையை அவசரமாக மடித்தார். அதில் சிவப்பு. ஆத்தூர் வெற்றிலை போட்ட சிவப்பு என்றார். அக்கா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மறுநாளே நுரையீரல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

முன்னால் ஏதாவது சிகிச்சை நடந்ததா என்று டாக்டர் கேட்டார். ஊர் முழுக்கச் சொன்ன மனிதர், ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். நுரையீரல் பார்க்கிறவரிடம் இதயத்தைப் பற்றி எதற்கு என்று நினைத்தாராம்.

"டீக்கடையில கேட்டாக்கூட இவன் கதையச் சொல்லுவாங்க டாக்டர். ஒங்களுக்கு மட்டும் ரகசியம்" என்று இசபெல்லா ஃபைலை எடுத்து வைத்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கே ஸ்கேன். அந்த நான்கு வாசல்களில் இடப்பக்க மேல் வாசல், சுட்ட இடத்தில் தழும்பு இறுகி, ஏறக்குறைய அடைந்திருந்தது. ரத்தம் இதயத்துக்குத் திரும்ப வழியில்லாமல் நுரையீரலிலேயே தேங்கியதுதான் இத்தனைக்கும் காரணம். அபூர்வமாக, சில மாதம் கழித்து இப்படி ஆவதுண்டு என்றார்.

அடைப்பைத் திறக்க மதுரைக்கே அனுப்பினார். போகும் காரில் டெரன்ஸ் மெதுவாகக் கேட்டார்: "முழுசா அடச்சிட்டுன்னா என்னக்கா செய்ய?"

இந்தத் தடவை அக்கா கிண்டல் செய்யவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நூலளவு தொறந்திருக்குன்னுதானலே சொன்னாரு. அது போதும்."

அது போதுமாகத்தான் இருந்தது. பலூனை வைத்து விரித்து, ஸ்டென்ட் போட்டார்கள். மறுபடி சுருங்கலாம், தினமும் மாத்திரை போட வேண்டும், மூன்று மாதத்தில் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் இருமல் நின்றது. இழுவைக் கப்பலின் ஏணியில் நடுவில் நிற்காமல் ஏறினார்.

இனி எந்த டாக்டரிடமும் நீட்டுவதற்கு, நடந்ததையெல்லாம் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார் இசபெல்லா. டெரன்ஸ் வாங்கிப் படித்தார்.

"வயசு அம்பத்தொம்பதுன்னு போட்டிருக்க. அதுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு."

"அதுவரைக்கும் ஒழுங்கா மாத்திரையப் போடு. கணக்கு சரியாயிரும்."