இறங்க வழியில்லாத பாறை

என் தொழில் பொய்ப் பாறை செய்வது. துகோல்பாய் அண்ணன் செத்த விலங்குகளைப் பாடம் செய்வார். அவை நிற்க இடம் செய்து தருவது நான். கம்பியை வளைத்து, தெர்மோகோல் பாளங்களை அடுக்கி, கத்தியால் செதுக்கி, சிமெண்டுக் குழம்பு பூசி, காய்ந்ததும் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பாசி நிறம் ஏற்றுவேன். காரகோல் என்ற மலையடி ஊரில் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் கொம்பைத் தடவுவார்கள், பல்லைப் பார்ப்பார்கள். பாறையை ஒருவரும் பார்ப்பதில்லை. பார்க்காமல் விட்டால்தான் அது நிஜப் பாறை மாதிரி இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

ஒரு பழக்கத்தை மட்டும் விடமாட்டேன். எங்கள் மலை வேட்டைக்காரர்கள் ஆட்டை வளைக்கும்போது மூன்று பக்கம் அடைத்து, ஒரு பக்கத்தைத் திறந்து விடுவார்கள். அந்தப் பக்கம் காட்டாடுகளைக் காக்கும் தெய்வமான காய்பெரெனுக்கு. அதன் வழியே தப்பியது தப்பட்டும். நானும் என் பாறைகளில் ஒரு ஓரமாக, குளம்பு வைக்கிற அளவுக்கு, இறங்கு வழி செதுக்கி வைப்பேன்.

“செத்த ஆடு எங்க தங்கச்சி எறங்கிப் போவப்போவுது, சந்தைக்கா?” என்பார் துகோல்பாய்.

“போகுதோ இல்லையோ, வழின்னு ஒண்ணு இருக்கட்டும்ணே.”

சாமுதின் வந்தது இலையுதிர் காலத்தில். தலைநகர் பிஷ்கெக்கில் மாவு மில் வைத்திருப்பவர். நின்றால் வாசல் அடைபட்டுவிடும். அவரை மலைக்குக் கூட்டிப் போன வழிகாட்டி என் கணவர் ஜங்கோரோஸ். கிழட்டு மலைக்கிடா ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

“இந்தா பாரு குல்பாரா,” என்று போனை நீட்டினார் சாமுதின். செங்குத்துப் பாறை, அதன் நடுவில் சின்னத் திட்டு. “இங்கதான் நின்னான். முன்னாடி என் துப்பாக்கி. மேல சுவரு, கீழ பாதாளம். எறும்புகூட எறங்க முடியாது. அப்படியே செஞ்சு குடு.”

“ஓரமா ஒரு வழி வெக்கணும்ணே. அது நம்ம வழக்கம்.”

“வழி இருந்தா அவன் போயிருக்க மாட்டானா? மாட்டிக்கிட்டான்கிறதுதானே அழகே! ஒன் வீட்டுக்காரனையே கேளு.”

ஜங்கோரோஸ் வெளியே சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். “சாமுதின் அண்ணன் சொன்னபடியே செஞ்சுடு,” என்றார், நிமிராமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் வேட்டை வழக்கம் பேசுகிற ஆள், பணக்காரன் முன்னால் பல்லைக் காட்டுகிறாரே என்று.

வழியில்லாமலே செய்தேன். கிடாவின் கால்களுக்குள் ஓடும் கம்பிகளைத் திட்டில் இறக்கி, அடியில் நட்டுப் போட்டு முறுக்கினார் துகோல்பாய். காளை கட்டி இழுத்தாலும் வராது.

மறுநாள் திட்டின் விளிம்பில் சாயம் உரிந்து வெள்ளை தெரிந்தது. எலி என்று நினைத்துப் பூசினேன். அடுத்த நாளும் உரிந்திருந்தது. எலிப் பல் இப்படிக் கீறாது. முன்னங்காலால் பறித்துப் பறித்து இடம் தேடினால்தான் இப்படி ஆகும். துகோல்பாய் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நட்டை முறுக்கிப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் கிடாவுக்கு முதுகு காட்டி உட்காரவே இல்லை.

சாமுதினுக்குப் பாறை ரொம்பப் பிடித்துவிட்டது. ஜோடிக்கு ஒரு பெட்டையும் வேண்டும், அதுவும் அதே இடத்தில் என்று ஜங்கோரோஸைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். அன்றே பனி கொட்டத் தொடங்கியது. குதிரைகள் மட்டும் திரும்பி வந்தன.

தேடப் போனவர்கள் வந்து சொன்னார்கள்: “உசுரோடதான் இருக்காங்கக்கா. மேலருந்து சத்தம் கேக்குது. அந்தக் கிழட்டுக் கிடாவைச் சுட்டாங்களே, அதே பாறை, அதோட திட்டுல நிக்கறாங்க. ஏறவும் வழியில்ல, எறங்கவும் வழியில்ல. பனி விட்டாத்தான் ஹெலிகாப்டர் வரும்.”

பனி விடுவதற்குள் மனிதர் விறைத்துப் போவார். நான் வழி வைக்காமல் செய்த அதே திட்டு. பட்டறைக்கு ஓடிக் கத்தியை எடுத்தேன்.

“என்ன பண்ற நீ?” துகோல்பாய் பதறினார். “சாமுதின் வந்தா என் தோலை உரிச்சு என்னையே பாடம் பண்ணி நிறுத்திடுவான்!”

“நிறுத்தட்டும். அதுக்கும் நானே பாறை செஞ்சு தரேன். தள்ளுங்கண்ணே.”

திட்டின் இடது ஓரத்தில் கத்தியை வைத்தேன். சிமெண்டு ஓடு உடைந்தது. குளம்பகலத்துக்கு ஒரு படி, அதன்கீழ் ஒன்று, அதன்கீழ் இன்னொன்று. தெர்மோகோலின் வெள்ளை மணிகள் கை, முடி, வாய் எல்லாம் ஒட்டின. செதுக்கச் செதுக்க அழுதேன். ‘என் ஆள எறக்கி விடு, என் ஆள எறக்கி விடு’ என்று கிடாவின் கண்ணாடிக் கண்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசிப் படி தரையைத் தொட்டபோது, திட்டின் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. துகோல்பாய் அண்ணன் வெளியே போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் மதியம் ஜங்கோரோஸ் வந்துவிட்டார். நடந்தே வந்தார், காதெல்லாம் கறுத்துப்போய். அடுப்படியில் உட்கார வைத்துச் சூடான தேநீரை வாயில் ஊற்றினேன்.

“படி இருந்துச்சு குல்பாரா,” என்றார். “முந்தி இல்ல. திடீர்னு இருந்துச்சு. காலை வெச்சா கல்லு மாதிரியே இல்ல, மெத்துனு அமுங்குச்சு.”

அவர் பூட்ஸைக் கழற்றினேன். அடியில் பனியோடு சேர்ந்து வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தன.

“சாமுதின் அண்ணன் எங்க?”

“பின்னாலதான் வந்தாரு. கீழ வந்து திரும்பிப் பாத்தா, மேல் படியில கிடா குறுக்க நிக்குது. அதே கிடா.”

“அது பட்டறையில நிக்குதுங்க.”

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். “கிடாவைச் சுட்ட அன்னிக்கு வழி இருந்துச்சு. ஆடு போற வழி. அதை அடைடான்னாரு சாமுதின் அண்ணன். நாந்தான் போய் நின்னேன். கிடா என் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு பாத்துச்சு, நான் நகரல. இப்போ நாங்க திட்டுக்குப் போனதும் அந்த வழியப் பனி பேத்து எடுத்துட்டுப் போயிடுச்சு. திட்டுல உக்காந்து காய்பெரென்கிட்ட அழுது மன்னிப்புக் கேட்டேன். சாமுதின் அண்ணன் கேக்கல. என்னையப் பாத்துச் சிரிச்சாரு.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னும் உசுரோட கத்திக்கிட்டு இருக்காரு. இந்த மணியெல்லாம் உன் பட்டறையோடதுதானே, அந்தப் படிய நீதான் செதுக்கினன்னா, வேற பக்கமா இன்னொரு வழி செதுக்கு. என்ன இருந்தாலும் மனுசன்தானே.”

பட்டறைக் கதவைத் திறந்தேன். கிடா திட்டின் நடுவில் இல்லை. இடது ஓரத்தில், படிகளின் தலைமாட்டில், உடம்பைக் குறுக்கே போட்டு நின்றது. அடியில் நட்டுகள் முறுக்கியபடியே இருந்தன.

வலப்பக்கம் போய் மண்டியிட்டு, அதைப் பார்க்காமல் செதுக்கத் தொடங்கினேன். நன்றாக அகலமாக, ஒரு பருத்த மனிதன் கால் வைக்கிற மாதிரி, முதல் படியை வெட்டி முடித்தேன். நிமிர்ந்தபோது கிடா இந்தப் படிக்கும் குறுக்கே வந்து நின்றிருந்தது; அதன் மூச்சு என் நெற்றியில் பட்டது.