கப்பலான் பழுப்பு

"கப்பலா! ஏய், கப்பலா!"

பெயிண்ட் கம்பெனியின் கலவைக் கூடத்தில் மிஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் தும்முவதுகூடக் காதில் விழாது. மேஸ்திரியின் கூப்பாடு மட்டும் எப்படியோ எல்லா இரைச்சலையும் தாண்டிவந்து கலவைக்காரரின் பிடரியில் விழும். விழுந்ததும் அவர் திரும்புவார். திரும்பித் திரும்பிக் கழுத்துக்கே அது பழகிப்போயிருந்தது. மனசைக் கேட்காமலே கழுத்து திரும்பிவிடும்.

தாத்தன் காலத்தில் கூலி வேலைக்கென்று கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஆட்களுக்கு இந்த ஊரார் வைத்த பெயர் அது. இறங்கியவர்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளும் போய்ச்சேர்ந்தாகிவிட்டது. பெயர் மட்டும் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை. கலவைக்காரர் பிறந்தது இந்த ஊர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில். கப்பலை அவர் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

மனுஷனை அப்படிக் கூப்பிடுவதோடு நின்றிருந்தால் அதுவும் போகட்டும் என்று விட்டிருப்பார். ஒரு பெயிண்டுக்கும் அதே பெயர்தான். ஒவ்வொரு நிறமும் கலந்து முடித்தபின் டிரம்மின் அடியில் கொஞ்சம் தங்கும். சிவப்பின் அடி, பச்சையின் அடி, நீலத்தின் அடி, மிஷினைக் கழுவிய கழுவல் எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டுவார்கள். எதைக் கொட்டினாலும் கடைசியில் வருவது ஒரு பழுப்புதான். ஒரு நாள் செம்பழுப்பு, ஒரு நாள் சாணிப் பழுப்பு. அதில் கறுப்பை ஊற்றி, எல்லாம் ஒரே நிறமாகத் தெரிகிற மாதிரி அடக்குவதுதான் கலவைக்காரரின் வேலை. தகரக் கூரைக்கும் கக்கூஸ் சுவருக்கும் கதவின் பின்பக்கத்துக்கும் பூசுகிற மலிவுச் சரக்கு. மற்ற நிறங்களுக்கெல்லாம் டப்பாவில் நம்பர் போட்டிருக்கும். இதற்கு மட்டும் 'கப்பலான் பழுப்பு'. எந்தக் காலத்திலோ எவனோ சிரிப்பதற்குச் சொன்னது, சிரித்தபடியே லேபிளில் ஏறிவிட்டது.

கலவைக்காரர் எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பதைத் தாண்டித்தான். அதுவரை டப்பாவில் ஏதோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தார். கூட்டிப் படித்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அந்தப் பெயருக்கு ஒரு சிக்கல் வந்தது. பெரிய கடைக்காரர் ஒருவர், இந்தப் பெயரோடு சரக்கை என் கடையில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜரம்மா கலவைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல அம்மாதான். பார்த்ததும் "உட்காருங்க" என்றார். அழுக்குத் துணியோடு எப்படி உட்காருவது என்று இவர் நின்றுகொண்டே இருந்தார்.

"பேரை மாத்தப்போறோம். இத்தனை வருஷம் அது டப்பாவுல இருந்ததே தப்பு. இனிமே 'கப்பலோர் மரபு'ன்னு போடறோம். டப்பா மேல உங்க போட்டோ. அதைச் செய்யற கை யாரோட கைன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

கலவைக்காரர் விரலில் காய்ந்திருந்த பழுப்பைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"இன்னொண்ணும் இருக்கு. மதிய ஷிப்டுக்கு ஒரு மேஸ்திரி வேணும். டப்பாவுல உங்க முகம் இருக்கறப்ப நீங்க டிரம் தூக்கிட்டு நின்னா நல்லா இருக்குமா? அந்த நாற்காலியும் உங்களுக்குத்தான்."

எந்த நாற்காலி என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. கூடத்தின் மூலையில் கண்ணாடி அடைத்த ஒரு பெட்டி அறை உண்டு. அதற்குள் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று. காலையில் மேஸ்திரி அதில் சாய்வார், மத்தியானம் அது சும்மா கிடக்கும். டிரம்மை உருட்டும்போதெல்லாம் கலவைக்காரரின் முதுகு அந்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும். போன வருஷத்திலிருந்து காலையில் எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் குப்புறப் படுத்திருந்தார். மனைவி தைலத்தை முதுகில் வைத்துத் தேய்த்தாள்.

"வாங்கிக்க வேண்டியதுதானே? இதுல யோசிக்க என்ன இருக்கு? முதுகு உங்களுதுன்னாலும் தேய்க்கற கை என்னுது."

"நாற்காலி வேணும். அந்த டப்பா வேணாம்."

"ரெண்டும் சேர்ந்துதான் வருதுங்கறாங்க. ஒண்ணை மட்டும் எடுத்துக்க இது என்ன உங்க மாமனார் வீட்டுச் சீரா?"

அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி உள்ளே வந்தான். அதே கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற மிஷினில் வேலை. போட்டிருந்த பனியனில் மார்பு நிறைய 'கப்பலான்டா' என்று அச்சடித்திருந்தது. நாலைந்து சிநேகிதர்கள் சேர்ந்து காசு போட்டு அடித்தது.

"கேள்விப்பட்டேன் மாமா. விடாதீங்க. டப்பா டப்பாவா நம்ம முகம் போகட்டும். கப்பலான்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லணும்."

கலவைக்காரர் தலையை மட்டும் திருப்பினார். "ஏன் மாப்ள, உங்க அப்பா எதுல வந்தாரு?"

மச்சினன் அசடு வழிந்தான். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் வீட்டார் பிற்பாடு பிழைப்புத் தேடி ரயிலில் வந்தவர்கள். டிக்கெட் எடுத்து, உட்கார்ந்து வந்தவர்கள் என்பதை அவர்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் மறக்க விட்டதில்லை.

"எனக்கு இவளைக் குடுக்கறதுக்கு உங்க அப்பா எத்தனை மாசம் இழுத்தடிச்சாரு தெரியுமா? 'போயும் போயும் ஒரு கப்பலானுக்கா'ன்னு என் காது கேக்கவே சொன்னாரு. டிக்கெட் எடுத்த வம்சம்டா நீங்க. நீ எப்படா கப்பல் ஏறுன?"

"மேஸ்திரிக்கு ரயிலும் ஒண்ணுதான் கப்பலும் ஒண்ணுதான் மாமா. என்னையும்தான் கப்பலாங்கறான். அதான் நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன். அவன் கையில இருக்கற குச்சியைப் புடுங்கி என் கையில வச்சுக்கிட்டா, அப்புறம் எதை வச்சு அடிப்பான்?"

"நீ பனியன் போட்டப்புறம் கூப்பிடறதை நிறுத்திட்டானா?"

"இல்ல... இப்ப சிரிச்சுக்கிட்டே கூப்பிடறான்."

"அவ்வளவுதான். குச்சிக்கு நீயே எண்ணெய் போட்டுக் குடுத்திருக்க."

மச்சினனுக்கு முகம் சுண்டிப்போனது. "அப்ப என்னதான் பண்றது? நீங்க பண்ற மாதிரி கூப்பிட்டதும் திரும்பறதா? கேக்கறவங்களுக்கு நான் யாருன்னு சொல்ல எனக்கும் ஒரு பேர் வேணும்ல?"

கலவைக்காரருக்குக் கோபம்தான் வந்தது. முகத்தைத் தலையணையில் கவிழ்த்துக்கொண்டார். தைலம் எரிந்தது.

போட்டோ எடுக்கிற நாளில் கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். மேனேஜரம்மாவும் வந்து நின்றிருந்தார். மேஸ்திரி சலவைச் சட்டை போட்டுவந்து, தன்னைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்பது போல மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். கலவைக்காரரும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நல்ல சட்டைதான் போட்டு வந்திருந்தார். நாற்காலியை வாங்கிக்கொள்வது என்றுதான் வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டு வந்தார்.

போட்டோக்காரர் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு பழைய தலைத்துணியும் கிழிந்த சட்டை ஒன்றும் வந்தன. கடைசியாக, சுவரில் சாத்தி வைத்திருந்த ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதைத் தோள்ல சாய்ச்சு வச்சுக்கோங்க. அப்பதான் கப்பல்ல வந்தவர் மாதிரி தெரியும்."

கலவைக்காரர் துடுப்பை வாங்கிப் பார்த்தார். புதுத் துடுப்பு. பழசாகத் தெரியட்டும் என்று அதற்கு வண்ணம் பூசியிருந்தார்கள். அவர் கையால் கலந்த பழுப்புதான். அந்த நிறத்தை அவருக்கா தெரியாது?

"மேடம், கப்பல்ல வந்தவங்க துடுப்புப் போடல. அவங்களைக் கீழ அடைச்சுத்தான் கொண்டுவந்தாங்க."

"சரி, துடுப்பு வேணாம். சும்மா டப்பாவை மட்டும் பிடிங்க" என்று துடுப்பை வாங்கிவிட்டு ஒரு டப்பாவைக் கொடுத்தார் மேனேஜரம்மா. அவர் முகம் சிவந்துவிட்டது.

"மத்த டப்பாவுக்கெல்லாம் நம்பர்தானே போடறீங்க? இதுக்கும் ஒரு நம்பரைப் போடுங்க. நான் பிடிக்கறேன்."

"பழைய பேரை அப்படியே விட்டாலும் தப்பு, மரியாதையா மாத்தினாலும் தப்பா? உங்க ஆளுங்களுக்குப் பெருமையா இருக்கட்டும்னுதானே இதெல்லாம் செய்யறோம்?"

உண்மையாகவே மனசு நொந்துதான் கேட்டார். அதனால் கலவைக்காரரும் நிதானமாகவே பதில் சொன்னார்.

"அதோ லேபிள் மிஷின்ல நிக்கறானே, அவன் என்னை மாமாங்கறான். மாமான்னா அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் போய் நிக்கணும். என் வீட்டுக்கு அவன் வந்து நிக்கணும். கூப்பிடறதுக்குப் பின்னாடி அப்படி ஒரு பொறுப்பு இருக்கு மேடம். கப்பலான்னு இத்தனை வருஷம் கூப்பிட்டவங்க ஒருத்தர்கூட என் வாசப்படி மிதிச்சதில்ல. மரபுன்னு மாத்திட்டா மட்டும் மிதிச்சுடுவாங்களா? என்ன பேர் வைக்கலாம்னு நீங்க எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மேனேஜரம்மா வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏய் கப்பலா, மேடம்கிட்டயே வாயாடறியா? டப்பாவைப் பிடிடா!"

போட்டோவுக்காக மிஷின்களை நிறுத்தியிருந்ததால் அந்த வார்த்தை சுவரில் பட்டுத் திரும்பியும் வந்தது. மேனேஜரம்மா தலை குனிந்துகொண்டார். கலவைக்காரரின் கழுத்து வழக்கம்போலத் திரும்பப் பார்த்தது. அவர் அதைத் திரும்ப விடவில்லை. டப்பாவை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"நாற்காலி, வேலைக்காகன்னா குடுங்க. முகத்துக்காகன்னா வேணாம்."

"ரெண்டும் சேர்ந்துதான்" என்றார் மேஸ்திரி.

போட்டோக்காரர் சுற்றிலும் பார்த்தார். மச்சினனின் பனியன் கண்ணில் பட்டது. "இவர் இளவயசு, நல்லாவும் இருக்காரு. தம்பி, நீங்க வாங்க. அந்தப் பனியனைக் கழட்டிட்டு இந்தக் கிழிஞ்ச சட்டையைப் போட்டுக்கோங்க. அந்த எழுத்து கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கு."

எல்லோரும் மச்சினனைப் பார்த்தார்கள். அவன் கிழிந்த சட்டையைப் பார்த்தான், துடுப்பைப் பார்த்தான், கண்ணாடி அறைக்குள் இருந்த நாற்காலியையும் பார்த்தான். இரண்டு அடி முன்னால் வந்தான்.

"மேடம், நாங்க ரயில்ல வந்தவங்க. துடுப்பு எதுக்கு? ஒரு தண்டவாளம் குடுங்க, தோள்ல வச்சுக்கறேன்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. போட்டோக்காரர் துடுப்பைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார், அது போகவில்லை.

மதிய ஷிப்டு நாற்காலி, கூடத்தில் பம்ப் ஓட்டுகிற ஒருவருக்குப் போனது. நல்ல மனுஷர்தான், சாய்வதற்கே கூச்சப்பட்டார். புது லேபிள் வந்தபோது அதில் யாரோ வரைந்த ஒருவன் துடுப்போடு நின்றிருந்தான். மீசை ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது.

"மாமா, இவரு நமக்கு என்ன முறை வேணும்?" என்றான் மச்சினன்.

"தெரியல மாப்ள. டிக்கெட் எடுக்கலைன்னு மட்டும் தெரியுது."

பனியனை அவன் கழற்றவில்லை. கலவைக்காரரும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. அது வேறு சண்டை, வீட்டுக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் வழக்கம்போலக் கூப்பாடு வந்தது.

"கப்பலா! ஏய், கப்பலா!"

கலவைக்காரர் டிரம்மைச் சாய்த்துப் பிடித்திருந்தார். இடுப்பில் சுரீரென்றது. திரும்பவில்லை. மறுபடி வந்தது, இன்னும் சத்தமாக. லேபிள் மிஷினில் மச்சினனும் திரும்பவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போன மேஸ்திரி, கண்ணாடி அறையை விட்டு இறங்கி, வழுக்கும் தரையில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, கூடத்தின் இந்தக் கோடிக்கு நடந்தே வந்தார். வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"காது செவிடா?"

"நல்லாக் கேக்குது. என்னைக் கூப்பிட்ட மாதிரி தெரியல."

"பின்ன உன்னை எப்படிக் கூப்பிடறதாம்?"

"யோவ்னு கூப்பிடுங்க, திரும்பறேன். அது எல்லாருக்கும் பொது."

"திமிரா? ஆபீசுக்கு எழுதிப் போட்டுடுவேன்!"

"எழுதுங்க மேஸ்திரி. எழுதறப்ப என் பேரைத்தான் எழுதணும். அதுக்காவது என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குவீங்க."

மேஸ்திரி வாயைத் திறந்தார். ஒரு பெயரும் வரவில்லை. எதற்காகக் கூப்பிட்டோம் என்பதையும் மறந்து, வந்த வழியே வழுக்காமல் திரும்பி நடந்தார்.

கலவைக்காரர் டிரம்மை நிமிர்த்தினார். முதுகு நிமிர நேரமானது.