காற்றின் பங்கு முந்நூறு கிலோ

எங்கள் மேனேஜர் எதையும் பாதியாக்கிவிடுவார். மதிய இடைவேளையைப் பாதியாக்கினார். தன் அறை மின்விசிறியைக்கூடப் பாதி வேகத்துக்கு மேல் ஓடவிட மாட்டார். போன திங்கட்கிழமை வேதியியலையே பாதியாக்கினார்.

நான் இங்கே கெமிஸ்ட். துத்தநாகத்தை எரித்து, பெயின்ட்டில் சேர்க்கும் வெள்ளைப் பவுடர் செய்கிறோம். உலைக்கு ஒரு நாளைக்குப் பத்து டன் எண்ணெய். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது முந்நூறு கிலோ, கந்தகம். எரியும்போது தன் எடை அளவுக்கு ஆக்ஸிஜனைக் காற்றிலிருந்து சேர்த்துக்கொண்டு, அறுநூறு கிலோ நச்சு வாயுவாகப் புகைபோக்கியில் ஏறுகிறது. அனுமதி நானூறுதான். மீறினால் புகையைக் கழுவும் கோபுரம் கட்டியாக வேண்டும்.

புகைபோக்கிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு. அங்கே என் ஏழு வயது மகள் பத்துப் படி ஏறினால் இன்ஹேலரைத் தேடுகிறாள்.

"என்னம்மா இது? உள்ள போனது முந்நூறு, வெளிய வர்றது அறுநூறா? குட்டி போட்டுச்சா?" என்றார் மேனேஜர், அரசுக்கு அனுப்ப நான் எழுதிய புகைக் கணக்கைப் பார்த்து.

"காத்துல இருக்கற ஆக்ஸிஜன் சேருது சார்."

"அப்ப அது காத்தோட கணக்கு. அதை ஏன் நம்ம தலையில கட்டறீங்க? முந்நூறுன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

ஆகா, என்ன மூளை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரடியாய்க் கத்தினாலும் அவர் காதில் ஏறாது. "சரிங்க சார்" என்று வந்துவிட்டேன்.

மறுநாள் காலை இரண்டு தாள்களை நீட்டினேன்.

"இது நீங்க சொன்ன முந்நூறு. இது வாங்கறவங்களுக்குக் கடிதம். நம்ம பவுடர்லயும் அஞ்சுல ஒரு பங்கு காத்துல இருந்து சேர்ந்த ஆக்ஸிஜன்தான் சார். இருபத்தஞ்சு கிலோ மூட்டையில இனிமே இருபதுன்னு அச்சடிக்கணும். காத்தோட சரக்கை நாம எப்படி விக்கறது?"

மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மின்விசிறி பாதி வேகத்தில் சுற்றியது. அவருக்கு வியர்த்தது.

"நம்ம உலையில சேர்ந்தா நம்மதுதாம்மா."

"ரெண்டுலயுமா சார்?"

"...ரெண்டுலயும்."

மூன்றாவது தாளை எடுத்து வைத்தேன். அறுநூறு என்று எழுதி, நேற்றே கையெழுத்தும் போட்டிருந்தேன். அதன் கீழே அவரும் போட்டார்.

சாயங்காலம் மகளைக் கட்டிக்கொண்டேன். "உனக்காக உயரமா ஒரு கோபுரம் கட்டப் போறாங்கடி!"

அவள் முகம் வாடியது.

"அதுல நான் ஏறணுமாம்மா?"