சீசரின் பின்னங்கால்கள்

சீசரை ஓட்டோவிலிருந்து தூக்கும்போது ஜெயரூபினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாயின் முன்னங்கால்கள் அவள் தோளைப் பற்றின. பின்பக்கம் மண் மூட்டைபோல் தொங்கியது.

அவளுடைய அப்பா கிறகோரி பின்னால் வந்தார். வலது தோள் எழாத மனிதர். துவாயை மட்டும் கொண்டுவந்தார்.

"மெல்லப் பிள்ளை."

"மெல்லத்தான் அப்பா."

மிருக வைத்தியர் சுகிர்தன் புதுக்குடியிருப்பில் தன் வீட்டு முன்னறையில் பின்னேரங்களில் வைத்தியம் பார்ப்பவர். மணல் டிப்பர் அடித்தெறிந்த அன்றே சீசரை அவரிடம் கொண்டுவந்தார்கள். வீக்கம் வற்ற இங்கிலீஸ் மருந்து கொடுத்தார். பிறகு சீன முறைப்படி முதுகெலும்பின் இரு பக்கமும் மெல்லிய ஊசிகளைக் குத்தி, சின்னப் பெட்டியொன்றிலிருந்து வயர் கொழுவி, மெதுவாகக் கரண்ட் விட்டார். இரண்டும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றார்.

"சீனன் எங்கட கடலட்டையைக் கொண்டுபோறான்," என்றார் கிறகோரி. "பதிலுக்கு ஊசி தந்திருக்கிறான் போல."

"அட்டையை விட ஊசி மலிவு ஐயா," என்று வைத்தியர் அன்று சிரித்தார்.

இன்று வைத்தியர் சிரிக்கவில்லை. ஊசிகளையும் எடுக்கவில்லை.

"இண்டைக்குக் கால் விரலை நுள்ளிப் பாப்பம். நோ தெரிஞ்சால் ஊசியைத் தொடரலாம். மாசக்கணக்கில செல்லும், ஆனால் நடக்கும். இவ்வளவு நாளுக்குப் பிறகும் நோ தெரியாட்டி, ஊசியாலயும் பிரயோசனமில்லை, மருந்தாலயும் பிரயோசனமில்லை. ஒரேயடியா நித்திரையாக்கிறதுதான் நல்லது."

கிறகோரி துவாயை மேசையில் வைத்தார்.

"நான் வெளியில நிக்கிறன்," என்றார்.

ஜெயரூபினி சீசரின் தலையை நெஞ்சோடு அணைத்தாள். வேறு யாரும் தலைப்பக்கம் போனால் அது கடிக்கும். வைத்தியர் கால்மாட்டில், அதன் முகம் தெரியாத பக்கம் நின்றார்.

"கால் சும்மாவும் இழுக்கும். அதை நம்பேலாது. நாய்க்கு விளங்குதோ எண்டு முகம்தான் சொல்லும். நீங்கள் முகத்தைப் பாருங்கோ."

அவள் கணவன் துசியந்தன் பிரான்சில் இருந்தான். விசா வந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் போய் இறங்காவிட்டால் அது செல்லாது. "போ, நான் பாக்கிறன்," என்று அப்பா சொல்லியிருந்தார். ஒருநாள் அவள் முல்லைத்தீவுக்குப் போய்த் திரும்பியபோது, நாயைப் புரட்டப் போய் விழுந்த அப்பா அதன் பக்கத்திலேயே கிடந்தார். இருவரும் நாயின் மூத்திரத்தில் நனைந்திருந்தார்கள். அதன் பிறகு வீட்டில் பயணத்தைப் பற்றிப் பேச்சில்லை. துசியந்தன் மட்டும் போனில் கேட்டான், நாயா நானா என்று. முதல் தடவை சிரித்துக்கொண்டு கேட்டான்.

வைத்தியர் இடுக்கியால் கால் விரலை நெரித்தார்.

கால் இழுத்தது. சீசர் மூச்சிளைப்பதை நிறுத்தியது. வாயை மூடி, அண்ணாந்து, அவள் கண்ணைப் பார்த்தது.

"ஏதும் தெரிஞ்சதோ?"

"இல்லை."

"முகத்தில ஒண்டுமில்லை?"

"இல்லை டொக்டர்."

வைத்தியர் இடுக்கியை வைத்துவிட்டுக் கிறகோரியைக் கூப்பிட்டார். விசயத்தைச் சொன்னார். கிறகோரி நாயின் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நித்திரையாக்கச் சொல்லுறியளோ?"

"நீங்கள்தான் சொல்லவேணும் ஐயா. அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்."

"எங்கட ஊர்ப் பொடியன் மெல்ரொன் ஷெல் பட்ட நாளில இருந்து இடுப்புக்குக் கீழ ஏலாமல் இருக்கிறான். சந்தியில கடை வச்சிருக்கிறான். கடன் கேட்டால் என்னையே கலைக்கிறான். அவனை ஆரும் நித்திரையாக்கச் சொன்னவையே?"

"மனிசர் வேற ஐயா."

"என்ன வேற? படுத்திருக்கட்டும். நாங்கள் பாக்கிறம்."

நாங்கள் என்றார். ஜெயரூபினியின் கைகளுக்குள் நாயின் தலை சூடாக இருந்தது.

வைத்தியர் பெட்டியின் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

"அப்ப கொண்டுபோங்கோ. இனி ஊசி வேண்டாம். வீணா ஏன் குத்துவான்?"

"மருந்து?"

"அதையும் விடுங்கோ. புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்கப் போடுங்கோ. அவ்வளவுதான்."

கிறகோரி துவாயை விரித்தார்.

"தூக்கு பிள்ளை."

அவள் தூக்கவில்லை.

"நொந்தது," என்றாள்.

"என்ன?"

"சீசருக்கு நொந்தது. என்னைப் பாத்தது. நான்தான் இல்லையெண்டு சொன்னனான்."

வைத்தியரின் கை வயரோடு நின்றது. கிறகோரி மகளைப் பார்த்தார். என்ன கேட்கப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மேசையைச் சுற்றி வந்து, இடது கையால் நாயின் தலையை அவளிடமிருந்து வாங்கினார். சீசர் அவரைக் கடிக்கவில்லை.

"நீ அங்கால நில்."

அவள் சுவரோரம் போய் நின்றாள்.

"நுள்ளுங்கோ டொக்டர்."

வைத்தியர் நெரித்தார். சீசர் உறுமியது.

"ஓம்," என்றார் கிறகோரி. "நோகுது."

வைத்தியர் வயரை மறுபடி விரித்தார். முதுகில் மயிரை ஒதுக்கி முதல் ஊசியைக் குத்தினார்.

"கிழமைக்கு ரெண்டுதரம் கொண்டுவாங்கோ. மாரி முடியுமட்டும் பாப்பம். மருந்துக் குளிசையையும் விடாதேங்கோ."

ஜெயரூபினி கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"எங்க போறாய்?" கிறகோரி திரும்பாமலே கேட்டார்.

"ஓட்டோக்காரனை நிக்கச் சொல்ல."

"அவன் நிப்பான். நீ போயிடாத. தூக்கிறதுக்கு ஆள் வேணும்."